கொலைகாரன் யாரென்று தெரியாத தையல்கூடம்

கழுத்தில் அளவுநாடாவை மாலையாக அணிந்து, கண்ணில் கண்டிப்பையும் கையில் மணியையும் வைத்து எங்களையெல்லாம் நடத்திச் செல்லும் மேலாளரும் இன்றைய புத்தக விழாவின் தலைவருமான அய்யா அவர்களே! அவருக்கு அருகில் வீற்றிருக்கும் கட்டிங் மாஸ்டர் அவர்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றாலும் முகம் சுளிக்காத பெரியவர்களே! பகலெல்லாம் பட்டன் தைத்த விரல்களால் இப்போது பிள்ளைகளின் தலையைக் கோதிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அந்த விரல்களிடமிருந்து தப்பி, முன்னால் ஓடிவந்து தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்ட அண்ணனுக்குத் தனி வணக்கம். இறக்குவதற்குப் பதிலாக அணைத்திருந்தால் இன்னும் பெரிய கும்பிடாகப் போட்டிருப்பேன்.

என்ன இஸ்திரி மாமா? சத்தம் போதவில்லையா? இதோ, பேசுகிறேன்.

என்னை இந்த மேடையில் ஏற்றியது எது? படிப்பா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்பாவுக்கு இடுப்பு உடைந்த வருடம் அது; அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துணிச்சலா? கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவள் நான். இந்தக் கூடத்தில் எனக்கு இட்ட பெயரே 'ஊமச்சி'. அப்படியானால் எது? இதோ, இந்த மேசையில் கிடக்கும் ஐந்து புத்தகங்கள்!

இவற்றை உங்களுக்கு அறிமுகம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். செய்கிறேன். ஆனால், செய்துவிட்டுச் சும்மா இறங்கமாட்டேன். வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கடைசிக்கட்டப் பிரிவில் மெஷின் கிடையாது. பட்டன் தைப்பது, நூல் பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது, எல்லாம் கைவேலை. ஒருவர் புத்தகம் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். படிக்கிறவளின் கூடையில் இருக்கும் சட்டைகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு வழக்கம் இருந்தது. இருந்தது என்கிறேன், கவனியுங்கள். இப்போது இல்லை. அது மறுபடியும் வேண்டும். அதைத் தலைவரிடம் கேட்கத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் இந்தத் தடித்த புத்தகம். அட்டையில் வேறு பெயர் இருக்கும். எங்களுக்கு இது கப்பல் புத்தகம். பயணநூல். இதன்மேல் முக்கோணமாகக் கருகியிருக்கிறதே, அது இஸ்திரிப் பெட்டி வைத்த முத்தம்! நம் இஸ்திரி மாமா ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுக்கப் பழைய புத்தகக் கடையிலிருந்து இதை வாங்கி வந்தார். "எடை பாத்துதான்மா வாங்கினேன், எழுத்து பாத்தா வாங்கினேன்?" என்பார். சாப்பாட்டு வேளையில் அதை உருவியெடுத்து ஒரு மூலையில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டன் அக்கா பார்த்துவிட்டார்.

"ஏய் ஊமச்சி! ஒதட்ட மட்டும் அசைச்சா எங்களுக்கு எப்படிக் கேக்கும்? சத்தமாப் படி."

"எனக்கு வராதுக்கா."

"வராட்டி போகுது. கப்பல் வருதா பாப்போம், படி."

படித்தேன். ஒரு கப்பல் சமையல்காரர் எழுதியது. உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் சுற்றியவர். ஆனால் எதிலும் இறங்கிப் பார்க்க நேரமில்லாதவர். சமையலறையின் வட்ட ஜன்னல் வழியாக என்ன தெரிந்ததோ, அதை மட்டுமே எழுதியிருக்கிறார். ஒரு ஊரின் விளக்கு, ஒரு ஊரின் மழை, ஒரு ஊரில் கையசைத்த ஒரு பெண். ஜன்னல் சிறியதாக இருந்தால் உலகமும் சிறியதாகிவிடுமா? எங்கள் கூடத்துக்கும் இருப்பது ஒரே ஒரு ஜன்னல்தான். அன்றைக்கு அதன் வழியாகக் கடல் தெரிந்தது, தாய்மார்களே! மாமாவின் மேசைக்கு மறுநாளே செங்கல் வந்துவிட்டது.

இரண்டாவது எறும்புப் புத்தகம். அறிவியல். ஒரு மனிதர் தன் வீட்டுக் கொல்லையில் குப்புறப் படுத்து வருடக்கணக்காக எறும்புகளைப் பார்த்திருக்கிறார். துணி உலர்த்த வரும் மனைவி அவரைத் தாண்டித் தாண்டிப் போவாராம். ஆயிரமாயிரம் எறும்புகளுக்கும் உத்தரவு போட ஒரு எறும்புகூடக் கிடையாது, ஆனாலும் வேலை நடக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ எறும்புக்கு மேனேஜரே கெடையாதா?" என்று கேட்டார். எல்லோரும் அய்யாவின் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். அய்யா, நீங்கள் இப்போது சிரிப்பதுபோல் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மூன்றாவது, மருத்துவச்சி புத்தகம். வாழ்க்கை வரலாறு. ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்த ஒரு தாய் தன் கதையைத் தானே சொல்கிறார். 'இந்தத் தெருவில் நடக்கிற எல்லோரையும் முதன்முதலில் பார்த்தவள் நான். என்னைத்தான் யாருக்கும் ஞாபகமில்லை' என்று ஓரிடத்தில் வருகிறது. பிரசவ அத்தியாயம் வந்தபோது இஸ்திரி மாமா கூச்சப்பட்டு வெளியே போய்விட்டார். போனவர் எங்கே நின்றார் தெரியுமா? ஜன்னலுக்கு வெளியே. "அப்புறம் அந்தப் புள்ள அழுதுச்சா இல்லையா?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

நான்காவது, கையகலம்கூட இல்லாத கவிதைப் புத்தகம். இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு! "பாதிப் பக்கம் வெள்ளையா கெடக்கு. காசு முழுசா வாங்கிட்டுப் பாதிதான் எழுதியிருக்கான்" என்று பட்டன் அக்கா சொன்னார். சரி, ஒன்றே ஒன்று படிக்கிறேன் என்றேன்.

'கதவைத் தட்டாமல் நின்றேன்.
உள்ளே நீ சிரிக்கும் சத்தம்.
இது போதும் என்று
படியிறங்கினேன்.'

பட்டன் அக்கா ஊசியைத் தலைமயிரில் ஒருமுறை உரசிவிட்டு, "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ." படித்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அக்கா, மீதியையும் சொல்லட்டுமா? தலையாட்டுகிறார். சொல்கிறேன். அக்காவின் மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் பேச்சுவார்த்தை கிடையாது. கவிதை படித்த மறுநாள் அக்கா வந்தார், வீங்கிய கண்ணோடு, சிரித்த முகத்தோடு. "என்னக்கா?" என்றேன். "உன் புத்தகத்துல இருக்கறவ எறங்கிப் போயிட்டா. நான் தட்டிட்டேன்டி" என்றார்.

கைதட்டலை அக்காவுக்குக் கொடுங்கள். அவர் மடியில் தூங்குகிற பேரனுக்கும் சேர்த்துக் கொடுங்கள். எழுந்துவிடப் போகிறான், மெதுவாக!

சொல்லுங்கள் பெரியவர்களே, நான்கே வரி ஒரு கதவைத் திறக்குமா? திறந்தது! செங்கல்லுக்குப் பதிலாக வாங்கிய புத்தகம் கடலைக் காட்டுமா? காட்டியது! வாய் திறக்காத ஒருத்தியை வாய் திறக்க வைக்குமா? இதோ நிற்கிறேன்!

ஆனால் ஐந்தாவது புத்தகம்... சிரிக்காதீர்கள். அது எங்கள் குடியைக் கெடுத்த புத்தகம்.

துப்பறியும் கதை. மாடிவீட்டுப் பணக்காரர், உட்பக்கம் தாழிட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: தம்பி மகன், சமையல்காரி, டாக்டர், தோட்டக்காரர். பத்துப் பக்கம் படிப்பதற்குள் கூடம் இரண்டு கட்சியாகிவிட்டது. "தம்பி மகன்தான். சொத்து யாருக்குப் போகுதுன்னு பாரு" என்றார் இஸ்திரி மாமா. "போய்யா, டாக்டர் முழியே சரியில்ல" என்றார் பட்டன் அக்கா. "முழிய நீ பாத்தியாக்கும்?" "படிக்கும்போதே தெரியுதுல்ல!"

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. படிக்கிறவள் ஒரு வரிகூட முன்னால் போய்ப் படிக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரியும்போதுதான் அவளுக்கும் தெரியவேண்டும். அதனால் கொலைகாரன் யாரென்று எனக்கும் தெரியாது. துப்பறிவாளர் எல்லோரையும் அந்த மாடிவீட்டுக் கூடத்தில் உட்கார வைக்கிறார். கதவைச் சாத்துகிறார். 'கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்' என்கிறார். கை தைக்கிறது, கண் என்மேல் இருக்கிறது, யாரும் குனிந்து துணியைப் பார்க்கவில்லை!

அந்த நேரம் பார்த்து அய்யா உள்ளே வந்தார். கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பிரித்தார். பிரியவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் பிரியவில்லை. ஊசி முன்பக்கத்தோடு நிற்காமல் முதுகுப்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. கூடை முழுக்க, முன்னும் பின்னும் ஒட்டிய சட்டைகள்!

"சட்டையா தச்சிருக்கீங்க? தலகாணி ஒறை தச்சிருக்கீங்க!" என்றார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். "இனிமே இங்க ஊசி விழுந்தா சத்தம் கேக்கணும்" என்று சொல்லித் தன் அறை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

தவறு எங்களுடையது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுத்தோம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கூடம் எப்படி இருந்தது தெரியுமா? ஊசி விழுந்தது, சத்தமும் கேட்டது. அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பட்டன் அக்கா பாதி நேரம் கொட்டாவி விட்டார். நான் மறுபடி ஊமச்சி ஆனேன். வீட்டுக்குப் போனாலும் பேச்சு வரவில்லை. "என்னடி, பேச்செல்லாம் எங்க போச்சு?" என்று அம்மா கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அய்யா, இனி உங்களைப் பார்த்துப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேசையில் வைப்பதற்காக இந்த ஐந்தாவது புத்தகத்தை இன்று காலையில் என்னிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். நிறுத்திய பக்கத்தில் நான் ஒரு சிவப்பு நூலை அடையாளமாக வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தபோது அந்த நூல் பின்னட்டையில் இருந்தது. அட்டையின் உட்பக்கத்தில், வட்டமாக, டீ கிளாஸ் வைத்த தடம்!

பொறுங்கள், பொறுங்கள்! விசிலடிக்காதீர்கள், மாஸ்டர். இன்னும் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு வேளை முடிந்தும் மணி அடிக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கைகழுவிவிட்டு எல்லோரும் காத்துக்கொண்டே இருந்தோம். "அய்யாவுக்கு ஒடம்பு சரியில்லையோ" என்று இஸ்திரி மாமா அறைவாசல் வரை போய், கதவு சாத்தியிருக்கிறது என்று திரும்பி வந்தார். அய்யா, அன்றைக்கு எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள்?

தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார். சபையோரே, இவரும் நம் ஆள்! கதை கேட்டால் கையை மறக்கிறவர்கள் நாம். கதை படித்தால் மணியை மறக்கிறவர் அவர்.

இதை உங்களைக் குறைசொல்லச் சொல்லவில்லை, அய்யா. உங்களுக்கே தெரிந்த ஆசை அது என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். வெறுங்கையோடும் வரவில்லை. இதோ, பட்டன் வருகிற பெட்டியைப் பட்டன் அக்கா வெட்டிச் செய்த அட்டை. சட்டைக்குள் இதை வைத்துத் தைத்தால், ஊசி அட்டையில் முட்டி நிற்கும், முதுகுத்துணியைத் தொடாது. நீங்கள் சொல்லாமலே நாங்கள் இப்படித்தான் தைத்து வருகிறோம். அதற்குப் பிறகு ஒரு சட்டையாவது ஒட்டியதா? நீங்களே சொல்லுங்கள். இல்லை என்று தலையாட்டுகிறார்! துப்பறியும் கதையைப் பிசிறு வெட்டும் நேரத்துக்கு வைத்துக்கொள்கிறோம். பட்டன் நேரத்துக்கு எறும்பு போதும், கவிதை போதும்.

எங்களுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. கதையும் பாதியில் நிற்கவேண்டுமா? வேலை கைக்கு இருக்கிறது. காதுக்கு என்ன இருக்கிறது? ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதைத் திறந்துவிடுங்கள், அய்யா!

தலைவர் எழுந்திருக்கிறார். ஏதோ சொல்கிறார்... மைக் இங்கே இருப்பதால் நானே திருப்பிச் சொல்கிறேன்.

"திங்கக்கெழமையில இருந்து படி" என்கிறார்!

அமைதி, அமைதி! நிபந்தனை இருக்கிறதாம். "கடைசிப் பக்கம் வரும்போது ஒருத்தர் கையிலயும் ஊசி இருக்கக் கூடாது. எல்லாத்தையும் கீழ வெச்சுட்டுக் கேக்கணும். நானும் வந்து ஒக்காருவேன். டாக்டர்னு சொன்னவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

பட்டன் அக்கா, கேட்டீர்களா? இல்லை அக்கா, என்னிடம் கேட்காதீர்கள். காலையிலிருந்து புத்தகம் என் கையில்தான் இருந்தது. நான் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு நூலை எடுத்துப் பழைய பக்கத்திலேயே வைத்துவிட்டேன். எல்லோருக்கும் தெரியும்போது எனக்கும் தெரிந்தால் போதும்.

வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, மற்ற நான்கு புத்தகங்களும் இந்த மேசையில் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. போகும்போது எடுத்துப் போங்கள், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஜன்னலைத் திறந்த தலைவருக்கும், என் கூடைச் சட்டைகளைப் பங்குபோட்டுக்கொண்ட கைகளுக்கும், முதல் வரிசையில் சேலைத் தலைப்பைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் என் அம்மாவுக்கும் நன்றி. அம்மா, பேச்சு திரும்பி வந்துவிட்டது.

அனைவருக்கும் வணக்கம்.