கடைசிக் கட்டத்துக்கு முன்னால்

திண்டுக்கல்லில் மேட்னி ஆட்டம். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் சித்தையன்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய அக்கா தங்கை இருவர்.

"மூணு தடவை வந்தும் படத்தோட முடிவப் பாத்ததே இல்லங்குறியேக்கா?"

"மிதிச்ச புருஷன் கால்லயே அவ போயி விழுவாளாம்ல. அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வெளிய வந்துருவேன்டி."

"அப்புறம் எதுக்கு அவளுக்காக அம்புட்டு அழுகை அழுகுற?"

"அடி வாங்குற வரைக்கும் அவளும் நானும் ஒண்ணு. கால்ல விழுறது கதை எழுதுனவன் புத்தி. என் புத்தி இல்ல."

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "உன்னயக் கூட்டிட்டுப் போக மாமா நாளைக்கு வாராராம்."

டிக்கெட் ஜன்னல் திறந்தது. அக்கா முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.

"வரட்டும். இந்தப் படத்துக்கே டிக்கெட் எடுத்துக் குடுக்குறேன். பொம்பள கால்ல விழுறத இங்க உக்காந்து ஆசை தீரப் பாத்துட்டுப் போகட்டும்."