பேர் வைக்கச் சொன்ன கீர்த்தனா

பொம்மசந்திரா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு ஐடிக்காரர்கள், ஒரு பெண்ணும் ஒரு பையனும்.

“பேர் இல்லாம ஒரு புரோகிராம் துண்டும் வெளிய போகக்கூடாதுன்னு ரூல் போட்டிருக்கியே கீர்த்தனா, இது ஆபீஸா, ஆதார் சென்டரா?” என்றான் அவன்.

“பேர் வைக்காம மத்தவங்க யூஸ் பண்ண வெளிய விட்டா, எடுக்கிறவங்க ஆளுக்கொரு பேர் வச்சுக்கிறாங்க. உடைஞ்சா எதைன்னு தேடுறது?”

“அதுக்குன்னு ரிலீஸுக்கு முந்தின நாளா? உன் ரூல்ல மாட்டி என் புரோகிராம் மொத்தமும் நின்னுபோச்சு.”

“மீட்டிங்ல நீயும்தானே தம்ஸ்-அப் போட்ட?”

“அப்போ கேமராவை ஆஃப் பண்ணிட்டு தோசை சாப்ட்டுட்டிருந்தேன்.”

சிரித்துவிட்டாள். “சரி, பேர் வச்சியா?”

“வச்சேன். எல்லாம் பாஸ் ஆயிடுச்சு.”

“என்ன பேரு?”

“கீர்த்தனா ஒன்னு, கீர்த்தனா ரெண்டு, கீர்த்தனா மூணு. இனி எது உடைஞ்சாலும் உன்னைத்தான் தேடுவாங்க.”

அவள் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தாள்.