அறுபத்திரண்டாம் வினா

எனக்கு எந்த விளையாட்டும் விளையாடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வேலையைக் கேள்விப்படுகிறவர்கள் நான் ஒரு காலத்தில் ஓடியிருப்பேன், குதித்திருப்பேன், குறைந்தது ஒரு பந்தையாவது துரத்தியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் ஓட்டப்பந்தயம் நடக்கும்போது நான் நிழலில் உட்கார்ந்து யார் எத்தனையாவது வந்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். மறுவாரம் ஓடியவர்களுக்கே அது மறந்துபோயிருக்கும். என்னிடம் வந்து கேட்பார்கள்.

தேர்வு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக வினா அமைப்பாளராக இருக்கிறேன். எழுத்தர், கிடங்குக் காப்பாளர், உதவியாளர் என்று எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும் பொது அறிவுத் தாளில் விளையாட்டுப் பகுதி என்னுடையது. ஹாக்கியில் இந்தியா வென்ற ஒலிம்பிக் தங்கங்கள் எட்டு. முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது புதுதில்லியில், 1951இல். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் பளு தூக்கியவர், இடம் சிட்னி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீங்கள் சிரிக்கலாம். அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தடை ஓட்டத்தில் ஓர் இந்தியப் பெண் நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தி நான்காவதாக வந்தார். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிலருக்குக் கண் கலங்குகிறது. எனக்குக் கலங்கியதில்லை. பதக்கப் பட்டியலில் மூன்று பெயர்தான் இருக்கும். கோடு போட்ட பிறகு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்தால், அப்புறம் கோடு எதற்கு? என் வேலையும் அப்படித்தான். விடைக்குறிப்பு வெளியானால் வெளியானதுதான்.

இனி என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே தங்கையின் கணவர். எங்கள் நிறுவனத்தில் அச்சுப்பிழை பார்ப்பவர். அலுவலகத்தில் எல்லாரும் அவரைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னூறு பக்கத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினார். என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்தான் என்று. அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பதினோரு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய சாப்பாட்டு டப்பாவில் எனக்கும் ஒரு பங்கு வரும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை என் பங்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, மூடியில் 'அண்ணா' என்று எழுதி அனுப்புவாள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

போன தேர்வில் அறுபத்திரண்டாம் வினா இது: ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தனிநபர் பதக்கம் வென்ற முதல் வீரர் யார்? என் விடை, 1952இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்ற மல்யுத்த வீரர். அந்த வினாவை முதலில் நான் எழுதியபோது 'சுதந்திர இந்தியாவுக்காக' என்றுதான் எழுதியிருந்தேன். அச்சுப் பக்கத்தில் பார்த்தால் வினா இரண்டாவது வரிக்கு இறங்கி, 'யார்?' என்ற ஒரே ஒரு சொல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. 'சுதந்திர' என்பதைப் பச்சை மையால் அடித்தேன். வினா ஒரே வரியில் அடங்கியது. நான் செய்தது அவ்வளவுதான்.

கமா அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் அவருடைய பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததால் விடுப்பில் இருந்தார். பார்த்திருந்தால் பிடித்திருப்பார். ஏனென்றால் 1900இல், பாரிஸில், ஓட்டத்தில் இரண்டு வெள்ளி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். ஒலிம்பிக் சங்கத்தின் பட்டியலில் அந்த இரண்டும் இந்தியாவின் கணக்கில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கு சரியல்ல, அவர் இங்கிலாந்துக்காக ஓடினார் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். வினாவுக்குக் கீழே கொடுத்த நான்கு பெயர்களில் அவர் பெயரையும் நான்தான் சேர்த்திருந்தேன்.

முடிவு வந்த எட்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். இரண்டு கையிலும் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அழவில்லை, கத்தவில்லை. ஒரு மனுவும், மூன்று புத்தகங்களிலிருந்து நகல் எடுத்த பக்கங்களும் கொண்டுவந்திருந்தாள். அறுபத்திரண்டாம் வினாவுக்கு 1900இல் ஓடியவரைக் குறித்த தன் விடையும் சரியென்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அனுப்பியிருக்கக் கூடாது. அதாவது, கமாவின் மேசையைத் தாண்டி அனுப்பியிருக்கக் கூடாது. அவள் போகும்போது அவரிடம் வழி கேட்டாள். அவர் மனுவை வாங்கிப் படித்தார்.

அடுத்த நான்கு நாள் அவர் ஜலதோஷத்தில் படுத்துவிட்டார். நானும் அந்த விஷயம் அதோடு போய்விட்டது என்று நினைத்தேன். வியாழக்கிழமை மூக்கு சிவந்து, கழுத்தில் துண்டோடு வந்தார். எதுவும் வாசனை தெரியவில்லை, சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்றார். பத்தரை மணிக்கு என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், அந்த அறுபத்திரண்டு நம்ம தப்பு. அந்தப் பொண்ணு சொல்றதும் சரி."

ஒரு வினாவுக்கு ஒரு விடைதான் என்றேன்.

"வினாவுல 'சுதந்திர'ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா நீங்க சொல்றது சரி. இல்லையே. மொதல் பிரதியில இருந்துச்சான்னு பாக்கணும். இருந்தா, அச்சுல விட்டுப்போச்சுன்னு ஒரு குறிப்பு எழுதிடலாம். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. பிழை பார்த்தவன் தப்புன்னு என் பேர்ல போட்டுக்கறேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். ஆனால் அந்தப் பிரதியில் பச்சை மை இருந்தது. எங்கள் அலுவலகத்தில் பச்சை மையில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். விடைக்குறிப்பு மாறினால் வரிசைப் பட்டியல் மாறும். பதினோராயிரம் பேருக்குப் புதிதாக எண் போட வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஒரு வரி நீளமாக இருந்தது, அதனால் என்று நான் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடத்தில் என் பகுதியில் ஒரு விடையும் மாறியதில்லை. வேறு பகுதிகளில் மாறும்போது அந்த அமைப்பாளர்கள் நடைபாதையில் எப்படி நடப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"மொதல் பிரதி எங்க இருக்கு மச்சான்?" என்று கேட்டார்.

பதிவறையில், ஏழாவது வரிசையில், கீழ்த்தட்டில், நீலக் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை. அங்கேதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பதிவறையில் முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம் மருந்து வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கரையானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் வைப்பது வழக்கம். வில்லைகளைத் தட்டுகளில் பரப்பிவிட்டுப் போவார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு மூன்று நாள் அறைக்குள் நிற்க வேண்டும். அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது. சுற்றறிக்கை திங்கட்கிழமையே வந்துவிட்டது. அப்போது கமா வீட்டில் படுத்திருந்தார். அந்த அறைக்கு இரண்டு கதவு. நடைபாதைப் பக்கக் கதவை நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள். பின்கதவு, தாள்களை வெட்டித் தைத்துக் கட்டும் பிரிவுக்குள் திறக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டிருந்ததால், அந்தக் கதவில் ஓர் எச்சரிக்கைப் பலகையை மட்டும் மாட்டியிருந்தார் மருந்துக்காரர். சாவி என்னிடம் இருந்தது.

காலையிலேயே நான் அந்தப் பலகையைக் கழற்றி, வெட்டிப்போட்ட காகிதக் குவியலுக்குள் சொருகியிருந்தேன். காலையில் என்றால், கமா வேலைக்கு வருவதற்கு முன்னால். முந்தின நாள் இரவு தங்கை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளைக்கு அவர் வந்துடுவாருண்ணா, அந்த மனு விஷயத்தையே புலம்பிக்கிட்டிருக்காரு, நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தாள்.

ஆகையால் இது ஒரு நொடி ஆத்திரத்தில் நடந்தது என்று உங்கள் உதவியாளர் எழுதியிருப்பது சரியல்ல. திருத்திக்கொள்ளுங்கள்.

சாவியை மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், மச்சான் சாவி குடுத்துட்டாரு, பிரதியை எடுத்துட்டா வேலை முடிஞ்சிது, மத்தியானம் வீட்டுக்கே சாப்பிட வந்துடறேன் என்று. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் விபத்து என்றுதான் எல்லாரும் பேசினார்கள். மருந்துக்காரர் பலகை மாட்டினேன், மாட்டினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் பழைய ஆள், எப்படியும் வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். சலவைக்கூடத்துப் பெண்ணுக்கு விடைக்குறிப்பில் மாற்றம் இல்லை என்று பதில் போனது. கையெழுத்து நான் போட்டேன். அவள் மறுபடி வரவில்லை. தங்கை வீட்டில் நான்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். அவள் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். அவளுக்குப் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைக்கு நல்ல நினைவாற்றல்.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே தங்கை கேட்டாள்.

"அண்ணா, உள்ள மருந்து வெச்சிருந்தது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொன்று கேட்டாள்.

"அவர் கதவத் தட்டினாரா?"

எனக்குத் தெரியாது, நான் என் மேசையில் இருந்தேன் என்று சொன்னேன். அவள் மறுநாள் காலையில் உங்களிடம் வந்து நான் சாவி கொடுத்ததாக அவர் தொலைபேசியில் சொன்னதைச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் அவளுக்குச் சொன்ன இரண்டாவது விடை தவறு. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சரியானதை நீங்கள் எழுதிக்கொண்டு, அவளுக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

அவர் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். அந்தக் கதவு தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும்; உள்ளேயிருந்து திறக்க முடியாது. மூடாமல் இருக்க நாங்கள் எப்போதும் ஒரு மரக்கட்டையை அடியில் செருகுவோம். அவரும் செருகிவிட்டுத்தான் உள்ளே போனார். நான் அவர் பார்க்காதபடி, சற்றுப் பின்தங்கிப் போயிருந்தேன். ஏழாவது வரிசைக்குப் போய் அவர் குனிகிற சத்தம் கேட்டதும் கட்டையைக் காலால் நகர்த்தினேன். கதவு மூடியது. முதலில் இருமினார். பிறகு கதவுக்கு வந்தார். தட்டினார். "மச்சான், கதவு மாட்டிக்கிச்சு" என்றார், சாதாரணமாக. நான் வெளியே இருப்பது அவருக்குத் தெரியாது. பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். அதன் பிறகு வேகமாகத் தட்டினார். சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே இருந்தது. அதில் கோத்திருந்த பித்தளை வில்லை ஒவ்வொரு தட்டுக்கும் ஆடியது. எனக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான். கட்டும் பிரிவின் முக்காலியில் உட்கார்ந்து அந்த வில்லை ஆடுவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் மேசைக்குப் போனேன். கிண்ணத்தின் மூடியைத் திறந்து, எனக்கு வந்திருந்த பங்கைச் சாப்பிட்டேன்.

நீலக் கட்டு அவர் நெஞ்சுக்கடியில் இருந்ததாக உங்கள் அறிக்கையில் படித்தேன். பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்திரண்டாம் வினாவைப் பற்றி இதில் எதுவும் சேர்க்க வேண்டாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.