ஒரே காலையில் இருபத்தெட்டு நாள்

இந்த விசாரணை அறையில் சிக்னல் நன்றாக இருக்கிறது, சார். உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன், நான்கு கோடும் நிற்கிறது. பூமாலை அண்ணன் குடியிருந்த தெருவில் ஒரு கோடு வந்தாலே அதிசயம். கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஓரமாக, பள்ளத்தில் இருக்கிற தெரு. போன் பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் படியில் பாதியாவது ஏற வேண்டும்.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். காசநோய்க்காரர்கள் மாத்திரைக்காகத் தினமும் அலையக் கூடாது என்று எங்கள் தொண்டு நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. நோயாளி மாத்திரை விழுங்குவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பின்னால் தேதிக் காலண்டர் தெரிய வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். திருச்சியில் அறிவரசன் டாக்டர் அதைப் பார்த்தால் செயலியில் அன்றைய கட்டம் பச்சையாகும். வராவிட்டால் சிவப்பு. இப்படி ஆறு மாதம். அரியலூர்ப் பக்கம் பதினான்கு ஊர்களுக்கு நான்தான் பணியாளர்.

முதல் இரண்டு மாதம் பூமாலை அண்ணன் தினமும் தொட்டிப் படி ஏறித்தான் வீடியோ அனுப்பினார். ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "முடியலம்மா நர்மதா. நோய விட இந்தப் படிதான் என்னயக் கொல்லுது" என்றார். சிக்னல் இல்லை என்று ஆபீசில் சொன்னேன். புகாரைச் செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே, என் போனில், இருபத்தெட்டு நாள் வீடியோவையும் ஒரே காலையில் எடுத்தோம். தினம் ஒன்றாக நானே அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. அவரிடம் ஐந்து சட்டை இருந்தது, மச்சானிடம் மூன்று வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் காலண்டரில் ஒரு தாள் கிழித்தேன். மாத்திரை வீணாகக் கூடாது என்று புளியங்கொட்டை வைத்துக்கொண்டோம், கேமராவுக்கு இரண்டும் ஒரே நிறம்தான். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாயை எப்படித் திறக்க வேண்டும் என்று நானே செய்து காட்டினேன்.

அவர் மனைவி ஆண்டாயி அக்கா கீழே கிடந்த தாள்களைப் பொறுக்கினார். "வர்ற அமாவாசையையும் கிழிச்சுட்டியேம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாத்திரையை மட்டும் தவறாமல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஆண்டாயி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்பல்லாம் அவருக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போறதில்லம்மா" என்றார். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் சிவக்கும். சிவக்கவில்லை என்றால் போடவில்லை என்று அர்த்தம். அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"போட்டா கொமட்டிக்கிட்டு வருது. கல்லு தூக்க முடியல. மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவான். டாக்டருகிட்ட சொல்லிப்புடாதம்மா, ஆஸ்பத்திரியில படுக்க வச்சுருவாரு."

சொல்லியிருக்கலாம். குமட்டலுக்கு வழி உண்டு என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தால், அதுவரை எப்படிப் பச்சை வந்தது என்று கேட்டிருப்பார்கள். அந்த வாரம்தான் பெரம்பலூரில் கூட்டம் நடந்தது. ஒரு சிவப்புகூட இல்லாத பணியாளர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அத்தனை பேர் கை தட்டினார்கள். அவர்கள் நம்பிக்கையை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு மாதாமாதம் அப்படியே எடுத்தோம். கடைசித் தடவை அவர் வெறும் எலும்பாக இருந்தார். சட்டைக்குள் இன்னொரு சட்டை போடச் சொன்னேன். ஆண்டாயி அக்கா அவர் முகத்துக்குப் பவுடர் பூசிவிட்டார். இருமல் வந்த வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். அதனால் அன்று மதியம் வரைக்கும் ஆனது.

பதினேழாவது வீடியோவை அனுப்பிய சாயங்காலம் அவர் இறந்துபோனார். ரத்தமாக வாந்தி எடுத்தாராம். மறுநாள் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனேன். போட்டுவிட்டு, தொட்டிப் படியில் ஏறி அன்றைக்கு உரியதை அனுப்பினேன். கீழே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையில் அவர் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினால் சந்தேகம் வரும், இன்னும் பத்து நாள்தானே என்று நினைத்தேன்.

கடைசி நாளன்று ஆண்டாயி அக்கா என் ஆபீசுக்கு வந்தார். ரொம்ப நாளாக விடாத இருமல் என்றார். வீட்டுக்காரர் பச்சையிலேயே இருந்ததால், வீட்டில் இருக்கிறவர்களைச் சோதிக்கச் சொல்லிச் செயலி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "கொஞ்சம் உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கடைசி வீடியோவை அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் சளி பிடிக்கும் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் டாக்டரின் குரல் பதிவு வந்துவிட்டது. கை பட்டு, அது சத்தமாக ஒலித்தது.

"பூமாலை, ஆறு மாசமும் ஒழுங்கா முடிச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். வீட்டம்மாவுக்கும் என் பாராட்டச் சொல்லுங்க."

ஆண்டாயி அக்கா டப்பாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "அவரு செத்தத நீ டாக்டருக்குச் சொல்லவே இல்லியாம்மா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு இருமினார்.

அவர்தான் உங்களிடம் வந்து சொன்னார் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் மருந்தை விட்டது தெரிந்தே மறைத்தேன். செத்ததையும் மறைத்தேன். ஆண்டாயி அக்காவுக்கு வந்திருப்பதும் அதனால்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சார், அந்த மனிதரை வாழ்நாளில் யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. ஒருநாள்கூட விடாமல் மருந்து சாப்பிட்டவர் என்ற பெயரையாவது அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தேன்.