வடக்கே தலை வைத்த கல்

மின்சார ரயில் அம்பத்தூர் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் கொதித்துப்போய்ச் சொன்னார்: "கல்லைத் திருப்பி வெச்சதுக்கு மெமோவா, மாமே?"

"எந்தக் கல்லு?" என்றார் கூட வந்தவர்.

"நம்ம ஃபேக்டரியில செஞ்ச பீரங்கி டாங்கை ஓட்டிப் பாக்க ராஜஸ்தான் போனோமில்ல? லீவன்னிக்குப் பாலைவனப் பூங்காவுல நடந்தோம். பாதையோரம் ஒரு சாமிக்கல்லு வடக்கால தலை வெச்சுப் படுத்துகினு கீது. மனுசனே அப்டிப் படுக்கக்கூடாது! செருப்பைக் கழட்டிட்டு, கிழக்கால தலை வர்றாப்ல திருப்பி வெச்சேன்."

"நல்ல காரியந்தானே?"

"பின்னால வந்த நம்ம ஆபீசருங்க கிழக்காலயே போய்ட்டாங்க. பூங்கா ஆளுங்கதான் ஒட்டகத்துல போய்த் தேடிக் கூட்டியாந்தாங்க. அது வழி காட்டுற கல்லாம்!"

"அம்புக்குறி போட்டிருக்கலியா?"

"போட்டிருந்தான். செவப்புல போட்டா, நான் வேலுன்னு கும்புடாம இன்னா பண்றது?"