மேடமா, அக்காவா?

ஆரணியிலிருந்து சேவூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்கிட்ட வேலை கத்துகினவதான் இனிமே எனக்கு மேனேஜர்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"எட்டு வருஷம் கழிச்சு மறுபடி ஐ.டி. வேலைக்குப் போற. கஷ்டமா இல்லியாக்கா?"

"இன்டர்வியூ வரைக்கும் இருந்துச்சு. வீடியோவுல என்னைப் பாத்ததும் அவ எழுந்து நின்னுட்டாடி. கேமராவுல வயிறுதான் தெரிஞ்சுது. 'உக்காரும்மா, கேள்வி கேளு'ன்னேன்."

"கேட்டாளா?"

"கேட்டா. ரெண்டு கேள்விக்குத் தெரியலன்னுட்டேன். எல்லாம் புதுசா வந்தது. 'நான் சொல்லித் தரேன்'னு சொல்லிட்டா."

இருவரும் சிரித்தார்கள்.

"திங்கக்கிழமை சேரணும். அவள மேடம்னு கூப்புடறதா, பேரச் சொல்றதான்னுதான் ஒரே பேஜாரா இருந்துச்சு."

"அவளையே கேக்கறதுதானே?"

"கேட்டேன். ஆபீஸ்ல என்னை அக்கான்னு கூப்புடலாமான்னு அவ யோசிச்சுகினு இருந்தாளாம்."