காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

— இல்ல றோஸி டீச்சர், அத எடுக்க வேணா. அது பட்டி போட்டு டிக்கியோட சேத்துக் கட்டுற சைக்கிள் றாக். சைக்கிள் ஏத்தினா டிக்கி திறக்கேலா.

— திறக்காட்டி என்ன மர்ஸூக் நானா? டிக்கிக்குள்ள கிடக்கிறது ஸ்பெயார் வீலும் ஒரு பழைய குடையும்தான்.

— வெள்ளவத்தையில ஈந்துக்கிட்டு இப்பிடிக் கேக்கிறீங்களே. செக்பொயின்ட்ல மொதல்ல என்ன கேப்பான்?

— அடையாள அட்டை.

— ரெண்டாவது?

— டிக்கி.

— அப்ப ஒவ்வொரு செக்பொயின்ட்லயும் சைக்கிள அவுத்து ரோட்டுல வெக்கணும். பின்னால பஸ்காரன் ஹோன் அடிச்சே ஒங்களக் கொல்லுவான்.

— சரி, அது வேண்டாம். அந்தக் கறுப்பு? அது எங்கட கார்க் கொக்கியில மாட்டும். காரை எங்களுக்கு வித்த ஆள் நீர்கொழும்புக்கு போட் இழுத்தவர், கொக்கி அப்பிடியே கிடக்கு. விலையும் எங்களுக்குத் தோது.

— மாட்டும். ஆனா சைக்கிள் நம்பர் பிளேட்ட மறைக்கும். நம்பர் தெரியாத கார், உள்ளுக்க தமிழ் ஆக்கள். இதுக்கு மேல செல்லவா?

— வேண்டாம். மருதானை முழுக்க மற்றக் கடைக்காரர் வாங்கு வாங்கெண்டு உயிரை எடுக்கிறாங்கள். நீங்க என்னடாவெண்டா உங்கட சாமானுக்கு நீங்களே குறை சொல்லிக்கொண்டு நிக்கிறீங்கள்.

— எங்கட றமீலாக்குக் கணக்குப் படிச்சிக் குடுத்த டீச்சர். ஒங்களுக்குப் பிழையான சாமான் தந்தா, மகள் எனக்குச் சோறு போடுவாளா? ப்ளேன்டீயக் குடிங்க. ஒங்கட வீட்டு சேருக்கு என்னத்துக்கு இப்ப கார்ல சைக்கிள்?

— கதை தெரியாதா? போன மாசம் என்ர மனுசன் இராஜநாயகத்தார் கொம்பனித்தெருவில ஒரு பேங்க் மதிலில சைக்கிளைச் சாத்திப்போட்டு, இன்ஷூரன்ஸ் விஷயமா ஒரு வீட்டுக்குள்ள போயிட்டார். சைக்கிளின்ர பின் கரியர்ல நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டுப் பெட்டி, துணியால சுத்திக் கட்டினபடி.

— அல்லாஹ்வே. குண்டு எண்டு நெனச்சிட்டானா?

— ஆமி வந்து, ரோட்டை மறிச்சு, பெட்டியோட சைக்கிளை வெடிக்க வச்சிட்டாங்கள். புட்டும் முட்டைப் பொரியலும் மதில் முழுக்க. பின்னேரம் வரைக்கும் பொலிசில இருந்திட்டு வந்து மனுசன் வாசல்ல நிண்டு சொன்ன முதல் கதை, "றோஸி, நல்ல புட்டு வீணாப்போச்சு."

— சிரிக்கிறதா அழுறதா எண்டு வெளங்கல்ல டீச்சர்.

— நான் அழுதனான். அவர் அடுத்த கிழமையே வேற சைக்கிள் வாங்கிட்டார். அந்த ஒழுங்கையளுக்குள்ள கார் போகாது, சைக்கிள் இல்லாட்டி என்ர தொழிலே இல்லை எண்டார். அது சரிதான். ஆனா அங்க போய்ச் சேர முந்தி எத்தனை இடத்தில மறிக்கிறாங்கள். அவர் பிறந்தது யாழ்ப்பாணம், சிங்களமும் தடக்கும். நான் இஞ்ச கொட்டாஞ்சேனையில பிறந்து வளந்தவள். சிங்களத்தில ரெண்டு வார்த்தை கதைச்சனெண்டா "யன்ன மிஸ்", போங்கோ எண்டு விட்டிடுவாங்கள்.

— அப்ப நீங்க கார் ஓட, சைக்கிள் பின்னால...

— ஓம். கடைசி செக்பொயின்ட்டைத் தாண்டி அவர், சைக்கிள், ரெண்டு பேரையும் இறக்கிப்போட்டு நான் பள்ளிக்கூடம் போவன்.

— சேர் சம்மதமா?

— "பெண்சாதியின்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சுப் போறவன் நான் இல்லை" எண்டார். அதுதான் முதல்ல றாக்கை வாங்கிக் காரில பூட்டிப்போட்டு, பிறகு சண்டை பிடிப்பம் எண்டு வந்தனான். இண்டைக்குப் பாத்து டயர் மாத்த எண்டு காரையும் கொண்டு போயிட்டார். பஸ்ஸில இடிபட்டு வந்து நிக்கிறன்.

— மொதல்ல இந்த ஸ்டூல்ல இரிங்க டீச்சர்.

— அவர் வரும்வரைக்கும் நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது நானா. பின்னேரம் முழுக்க ஜன்னலடியிலதான். சந்தியில அவரின்ர சைக்கிள் பெல் கேட்டாத்தான் உயிர் வரும். உடன குசினிக்குள்ள ஓடிப்போய், கறி துழாவுற மாதிரி நிப்பன்.

— என்னத்துக்கு?

— பயந்து நிண்டனான் எண்டு தெரிஞ்சா மனுசன் மனம் உடைஞ்சு போவார். அதை விடுங்கோ. டிக்கியும் திறந்து, நம்பரும் தெரியிற மாதிரி ஒண்டும் இல்லையா?

— ஈந்திச்சி. ஜப்பான் சாமான், பாவிச்சது, மலிவு. கொக்கியில மாட்டிட்டா சைக்கிள் நல்லா ஒசரத்துல நிக்கும், நம்பர் தெரியும். டிக்கி திறக்கச் சொன்னா சைக்கிளோட அப்பிடியே கீழ சாய்ச்சிடலாம்.

— அதையெல்லோ முதல் காட்டியிருக்க வேணும்.

— இண்டைக்கிக் காலத்தாலதான் வித்தேன்.

— பின்னால ஏதோ தட்டுற சத்தம் கேக்குது, அங்கயும் சாமான் இருக்குமே. நான் ஒருக்காப் பாக்கிறன்.

— வேணா வேணா, அங்கால எல்லாம் எண்ணெ. சாறி பழுதாப்போகும். இன்னொரு ப்ளேன்டீ ஊத்தச் செல்லவா?

— நானா, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு ஒரு றாக் விக்க உங்களுக்கு ஏன் மனமில்லை?

— ஒரு காருக்கு ரெண்டு றாக் எப்பிடி டீச்சர் விக்கிற?

— என்ன?

— பின்னால தட்டித் தட்டி அந்த ஜப்பான் றாக்கப் பூட்டுறது ஒங்கட கார்லதான். ஒங்கக்கிட்ட வாயத் தொறந்து செல்ல வேணாண்டு சேர் சத்தியம் வாங்கிட்டார், நீங்க என்னைச் செல்ல வெச்சிட்டீங்க. இனி அவளை ஜன்னலடியில பயந்து நிக்க வைக்கேலா எண்டுதான் காலத்தால வந்து நிண்டார். ஜன்னல்ல நீங்க நிக்கிறது சந்தியில வரக்குள்ளயே அவருக்குத் தெரியுமாம் டீச்சர், குசினிக்கு ஓட ஒங்களுக்கு நேரம் வேணுமே எண்டுதான் அங்கயே பெல் அடிக்கிறாராம்.